கேள்விக் காவடி

வேலையில் நான் நல்ல பெயர் வாங்கியது ஒரே ஒரு திறமைக்குத்தான். நன்றாகத் தலையாட்டுவேன். ரொம்ப ஆட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும், ஆட்டாமல் உட்கார்ந்திருந்தால் திமிர் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆட்டல் இருக்கிறது. அதைப் பழக எனக்குப் பல வருடங்கள் ஆயின. ஈப்போவில் ஒரு கலை நிறுவனத்தில் நிகழ்ச்சி அதிகாரியாக இருந்து ஓய்வு பெறும் வரைக்கும் அந்த ஆட்டல்தான் எனக்குச் சோறு போட்டது.

இப்போது அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், "சார், உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க, எங்களுக்கு உதவும்" என்று கேட்கிறார்கள். பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஏதாவது அகப்படுமா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வருவதெல்லாம், தொப்பையும் வெறுங்காலுமாகக் காகிதக் காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு வார்த்தை வாயில் வராமல் நடுரோட்டில் நான் நின்ற நிற்பு. அதையே எழுதுகிறேன். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

1. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது

எங்கள் இயக்குநர் புவான் ரோஹானா திங்கட்கிழமைக் கூட்டங்களில்தான் புது யோசனைகளை அவிழ்ப்பார். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"கல்யாணத்துக்குச் சடங்கு இருக்கு. சாவுக்கு இருக்கு. குழந்தைக்கு முடி எடுக்கக்கூட இருக்கு. ஒரு மனுஷனுக்கு 'ஏன்'னு ஒரு கேள்வி தோணுதே, அதுக்கு மட்டும் ஏன் ஒன்னுமே இல்ல? இந்த வருஷம் ஓவியர்கள், இசைக்காரர்கள் ரெண்டு மூணு பேரைக் கூப்பிடுவோம். ஒரு ஊர் ஜனங்களோட உட்கார்ந்து அதுக்கு ஒரு சடங்கு உண்டாக்கட்டும். விளையாட்டா இருக்கணும். எல்லாரும் சிரிக்கணும்."

எல்லோரும் ஆஹா என்றார்கள். நானும் ஆஹா என்றேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு பழைய ரப்பர் தோட்டம் இருக்கு, அங்க செய்யலாம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாலா, உங்க ஆளுங்கதானே" என்றார்.

என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது, படித்தது, தொப்பை வளர்த்தது எல்லாம் ஈப்போவில். ரப்பர் மரத்தை நெடுஞ்சாலையில் காரில் போகும்போதுதான் பார்த்திருக்கிறேன். தமிழர்களிலும் பல வகை உண்டு என்று விளக்க ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு கைநழுவிப் போகும். தலையாட்டினேன்.

"உங்க பண்பாட்டுல ஊர்வலம் மாதிரி ஏதாவது இருக்கா?" என்று அடுத்த கேள்வி.

அங்கேதான் என் நாக்கில் சனி உட்கார்ந்தது. "காவடி" என்றேன். அதோடு விட்டேனா? "மயிலிறகுக்குப் பதிலாகக் கேள்விகளைக் கட்டித் தொங்கவிடலாம். கேள்விக் காவடி" என்று மேதாவி மாதிரி சேர்த்துச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

2. புகாருக்கும் கேள்விக்கும் வித்தியாசம் கண்டுபிடித்தது

அழைப்பை ஏற்று வந்த கலைஞர்கள் இருவர். மெய் லிங் ஈப்போக்காரி. மூங்கிலும் காகிதமும் கொடுத்தால் எதையும் கட்டி நிறுத்திவிடுவாள். கபிலன் கோலாலம்பூரிலிருந்து வந்த உறுமிக்காரன். மேளத்தை ஒரு தோளிலும் மடிக்கணினியை ஒரு தோளிலும் மாட்டிக்கொண்டு வந்திறங்கினான். இருவரையும் என் காரில் ஏற்றிக்கொண்டு செமோர் வழியாகப் போனேன்.

தோட்டம் என்றுதான் இன்னும் பெயர். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. ஒரு பக்கம் எண்ணெய்க்காக நட்ட செம்பனை, மறுபக்கம் புதிதாகக் கட்டி யாரும் குடிவராத வீடுகள். நடுவில் பழைய லயத்து, அதாவது தோட்டக் குடியிருப்பு, ஆட்கள் கட்டிக்கொண்ட இரண்டு வரிசை வீடு, ஒரு கோயில், கோயிலுக்கு முன்னால் ஒரு திடல். அந்தத் திடலுக்குப் பெரட்டுக் களம் என்று பெயர். தோட்டம் நடந்த காலத்தில் விடிவதற்கு முன் ஆட்களை அங்கே வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களாம்.

கோயில் தலைவர் ஆறுமுகம் அண்ணன் மணல் லோரி ஓட்டுகிறவர். ஆள் மலை மாதிரி இருப்பார், பேச்சு கொஞ்சம்தான். பேசுவதற்கு அவர் பக்கத்து வீட்டுச் சரசு அக்கா இருந்தாள். கையுறை ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவள்.

"பசியாறிட்டீங்களா சார்?" என்று ஆரம்பித்தாள். நான் இரண்டு வாக்கியம் பேசியதும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "சார் சிலோனா? பேச்சு ரேடியோ நியூஸ் மாதிரி இருக்குலா."

"தாத்தா அங்கேருந்து வந்தவர்."

"எங்க தோட்டத்துக் கிராணியும் உங்க ஆளுதான். பேர் கூப்பிடுறவரு."

கிராணி என்றால் எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். நான் கிராணி இல்லை, கலை நிறுவனம், மக்களோடு மக்களாக வந்திருக்கிறேன் என்று ஒரு சின்னச் சொற்பொழிவு செய்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். மறுநாளிலிருந்து தோட்டம் முழுக்க எனக்குக் கிராணி சார் என்று பெயர் ஆகிவிட்டது.

கோயில் வாசலில் அழகான ஒரு பெட்டியை மெய் லிங் வைத்தாள். மனதில் தோன்றும் கேள்வியை எழுதிப் போடச் சொன்னோம். அடுத்த வாரம் போய்த் திறந்தோம். பெட்டி நிறைந்திருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். முதல் தாளில், "ரோட்டு லைட்டு ஏன் எரியல?" இரண்டாவது தாளிலும் அதேதான். மூன்றாவதில், "ரோட்டுல லைட்டு இருக்கு, ஆனா ஏன் எரியல?" மிச்சத் தாள்களையும் பார்த்தேன். ஒன்றிரண்டு சாக்கடையைப் பற்றி. மற்றதெல்லாம் லைட்டு.

"இது புகார்" என்றேன் மெய் லிங்கிடம், தாள்களை மலாயில் படித்துச் சொல்லிவிட்டு. "கேள்வி கிடையாது."

"ஏன் என்று கேட்டிருக்கிறார்களே" என்றாள் அவள்.

"நமக்கு வேண்டியது ஆர்வம். வியப்பு. அது வேறு." இதைச் சொல்லும்போது நான் கைகளை வானத்தை நோக்கி விரித்தேன் என்று கபிலன் பிற்பாடு சொன்னான். என் நல்ல காலம், அவன் அதைப் படம் எடுக்கவில்லை.

கூட்டத்தைக் கூட்டி உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். "புகார் வேணாங்க. ஆர்வமா ஏதாவது கேளுங்க. வானம் ஏன் நீலமா இருக்கு, அந்த மாதிரி."

சரசு அக்கா எழுந்தாள். "வானம் எந்தக் கலர்ல இருந்தா எனக்கு என்னா சார்? ஷிஃப்ட் முடிஞ்சு பஸ் இறங்குனா வானமும் கறுப்பு, ரோடும் கறுப்பு. போன மாசம் லோங்காங்குல விழுந்து கை முறிஞ்சிச்சு." லோங்காங் என்றால் ரோட்டோரச் சாக்கடை. இடது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். இன்னும் வீங்கித்தான் இருந்தது. "இன்னொரு தடவ லீவு போட்டா வேற ஆளப் பாத்துக்கிறேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான். ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க படிக்குது, சம்பாதிக்கிறது நான் ஒருத்தி. அந்த லைட்டு எரிஞ்சா எனக்கு வேலை நிக்கும். இல்லன்னா போச்சு. இத நான் எப்படிலா ஆர்வமா கேக்குறது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் பிரசித்தி பெற்ற தலையை ஆட்டி, "பார்க்கிறோம்" என்றேன்.

இளையவர்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் தொழிலில் 'பார்க்கிறோம்' என்றால் பார்க்க மாட்டோம் என்று பொருள். 'மேலிடத்துக்குச் சொல்லியிருக்கிறோம்' என்றால் யாரிடம் சொல்வது என்றே தெரியவில்லை என்று பொருள். சரசு அக்காவுக்கும் இந்த அகராதி தெரிந்திருந்தது. சரி என்று உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும்போது கார் வரைக்கும் ஆறுமுகம் அண்ணன் வந்தார். "சார், கோவிச்சுக்காதீங்க. எங்க ஆளுங்க கேள்வி கேக்குறதே பெருசு. எங்கப்பா ஒரு நாளு பெரட்டுல ஏன்னு கேட்டாரு. மறுநாளே அவருக்கு மலை மேல ரப்பர் மரத்துல பால் வெட்டக் குடுத்துட்டாங்க. பால் வாளியத் தூக்கிக்கிட்டு எறங்கி எறங்கியே முட்டி போச்சு. அதுலேருந்து எங்க வீட்டுல வெள்ளச் சட்டைக்காரங்கக்கிட்ட யாரும் ஏன்னு கேக்குறது இல்ல."

நான் என் சட்டையைக் குனிந்து பார்த்தேன். வெள்ளை. அதுவும் இஸ்திரி போட்டது.

3. நிபந்தனைகளுக்குத் தலையாட்டியது

பெரட்டைத் திருப்பிப் போடலாம் என்றது கபிலன்தான். "அந்தக் காலத்துல அவங்க கூப்பிட்டாங்க, நீங்க பதில் சொன்னீங்க. இப்ப நீங்க கேளுங்க, அவங்க பதில் சொல்லட்டும்" என்றான். அவங்க என்று சொல்லும்போது என்னைக் கைகாட்டினான். கூட்டம் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தது.

அதற்குப் பிறகு எனக்கு வேலையே இல்லை. விதிமுறையை அவர்களே போட்டார்கள். பெரட்டுக் களத்திலிருந்து காவடி புறப்பட வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்க வேண்டும். வீட்டுக்காரர் ஒரு கேள்வியை உரக்கக் கேட்டுக் காவடியில் கட்டுவார். காவடி எடுக்கிறவருக்குப் பதில் தெரிந்தால் சொல்லலாம். தெரியாவிட்டால், ஊருக்குக் கேட்கிற மாதிரி "தெரியல" என்று சொல்ல வேண்டும். உடனே எல்லோரும் "தெரிஞ்சிட்டு வாங்க" என்று கத்துவார்கள். உறுமி முழங்கும். காவடிக்காரர் ஒரு சுற்று ஆடிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லி மாட்டிக்கொண்டால் மூன்று சுற்று.

மெய் லிங் முதலில் கட்டிய காவடியைப் பார்த்து எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரசு அக்காதான் மெல்ல, "சீனவங்க சாவு வீட்டுல காகிதத்துல வீடு கட்டி எரிப்பாங்களே, அது மாதிரி இருக்குலா" என்றாள். கபிலன் அதை மலாயில் சொன்னதும் மெய் லிங் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்பாவுக்கு அதுதான் தொழிலாம். பிரித்துப் போட்டுவிட்டு, தோட்டத்துப் பெண்களோடு உட்கார்ந்து வேறு கட்டினாள்.

யார் எடுப்பது என்ற பேச்சு வந்தது. கபிலன் இளைஞன், நல்ல உடம்பு. நான் அவனைப் பார்த்தேன். ஆறுமுகம் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"கூப்பிட்டவங்கதான் எடுக்கணும். அதான் முறை. இன்னொன்னு சார். இதுல சாமி பேரு வேணாம். சாமி காவடி வேற. ஆனா காவடின்னு பேரு வச்சாச்சு, அதுக்கு உள்ள மரியாதையக் குடுக்கணும். விரதம் இருக்கணும். செருப்பு போடக்கூடாது. எடுத்தா மூணு வருஷம் எடுக்கணும். சரிதானே?"

எனக்கு 'விரதம்' என்பதோடு காது அடைத்துவிட்டது. அதற்குப் பின்னால் வந்ததைக் கேட்கவில்லை. வழக்கமான அளவுக்குத் தலையாட்டினேன்.

அந்த இரண்டு வாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈப்போக்காரனின் தௌகே கோழியில் கோழியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது முளைப்பயறுதான். என் மனைவி, "உங்களுக்கு என்னப்பா, விசரே? வீட்டில வெள்ளிக்கிழமைகூட மீன் கேக்கிற ஆள்" என்றாள். புவான் ரோஹானா நான் மெலிந்துவிட்டதாகப் பாராட்டினார். நான் மெலியவில்லை. முகம் தொங்கியிருந்தது.

4. ஒரு வார்த்தை வாயில் வராமல் நின்றது

ஆகஸ்டு விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, வெயில் தாழ்ந்த பிறகு புறப்பட்டோம். தோட்டமே களத்தில் இருந்தது. சுங்கை சிப்புட்டிலிருந்தும் மோட்டோவில் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். காவடி காகிதம்தான், கனமில்லை. ஆனால் என்னைச் சுற்றி அத்தனை பேர் நிற்க, உறுமிச் சத்தத்துக்கு இடையே அதைத் தோளில் ஏற்றியபோது, கல் சுமக்கிறவன் மாதிரி இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

முதல் வீட்டில், "பல்லி எப்படி சார் கூரையில தலகீழா நடக்குது?"

தெரியல என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை வருடம் அதிகாரியாக இருந்தவன் முதல் கேள்விக்கே எப்படித் தெரியல என்பது? "அது காலில் ஒரு வகையான பசை சுரக்குது" என்றேன் கம்பீரமாக. யாரோ கைப்பேசியில் தேடிப் பார்த்து, "பசை கிடையாதாம் சார்" என்றார்கள். மூன்று சுற்று. தொப்பையோடு வெறுங்காலில் மூன்று சுற்று என்பது என்ன என்று, சிரித்தவர்கள் ஒரு தடவை சுற்றிப் பார்க்கட்டும்.

இரண்டாவது வீட்டில் ஓர் அம்மா, தன் கணவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேட்டார். "ஈப்போ தண்ணிக்குத்தான் தௌகே குண்டா வெள்ளையா வளருதுன்னு சொல்றாங்க. இவரும் பிறந்ததுலேருந்து அதே தண்ணிதான் குடிக்கிறாரு. ஏன் சார் குண்டு மட்டும் ஆனாரு?"

"தெரியல" என்றேன். கூட்டம் ஓவென்று, "தெரிஞ்சிட்டு வாங்க" என்றது. ஒரு சுற்று.

பிறகு கேள்விகள் கொட்டின. மரமே இல்லாத இடத்தை ஏன் இன்னும் தோட்டம் என்கிறோம்? பசியே இல்லாதபோதும் நாசி லெமாக் தேங்காய்ச் சோற்று வாசனைக்கு வாய் ஏன் ஊறுகிறது? மனுஷன் ஏன் கொட்டாவியைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறான்? ஒவ்வொரு வாசலிலும் தெரியல, தெரியல என்று சொல்லிக்கொண்டே போனேன். போகப்போக அது கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆறுமுகம் அண்ணன் வீட்டில் அவர், "எங்கப்பா அன்னிக்குப் பெரட்டுல என்னாத்த ஏன்னு கேட்டாரு? அத மட்டும் எங்ககிட்ட சொல்லவே இல்ல" என்றார். அங்கே யாரும் சிரிக்கவில்லை. தெரியல என்றேன். எல்லோரும் மெல்லத்தான் தெரிஞ்சிட்டு வாங்க என்றார்கள்.

அடுத்த வாசல் சரசு அக்காவுடையது.

அவள் பெண்களை இரு பக்கமும் நிறுத்தியிருந்தாள். "ரோட்டு லைட்டு ஏன் சார் எரியல?"

"பார்க்கிறோம்" என்றேன்.

உறுமி நின்றுவிட்டது. நான் யோசித்துச் சொல்லவில்லை. கொட்டாவி மாதிரி அதுவாக வந்துவிட்டது.

"சார், முறைப்படி சொல்லுங்க" என்றார் ஆறுமுகம் அண்ணன்.

"மேலிடத்துக்குத் தெரியப்படுத்தி..."

"தெரியலன்னு சொல்லுங்க சார்" என்றாள் சரசு அக்கா. கோபமாக இல்லை. ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

பல்லிக்கும் தௌகேவுக்கும் அத்தனை சுலபமாக வந்த வார்த்தை, இதற்கு வரவில்லை. பல்லி என் வேலை இல்லை. லைட்டும் என் வேலை இல்லைதான். ஆனால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பார்க்கிறோம் என்று அவளிடம் சொன்னவன் நான். தெரியல என்றால், இத்தனை நாளும் இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று ஊருக்கே தெரிந்துவிடும். அவளுடைய சின்னப் பெண் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தார் ரோட்டுச் சூட்டில் நான் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தேன்.

"தெரியல" என்றேன்.

"கேக்கல சார்."

"தெரியல" என்று கத்தினேன். அத்தனை சத்தமாக அதற்கு முன் நான் எதையும் சொன்னதில்லை. தோட்டம் முழுக்க ஒரே குரலாக, "தெரிஞ்சிட்டு வாங்க" என்றது. உறுமி இடித்தது. சரசு அக்கா கேள்வியைக் கட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு வெட்கமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன.

சாப்பாட்டுப் பந்தியில் எல்லோருக்கும் நன்றி சொன்னேன். நிகழ்ச்சி இனிதே நிறைவு பெற்றது என்றேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே ஆறுமுகம் அண்ணன், "அடுத்த வருஷம் எத்தன மணிக்கு வாரீங்க?" என்றார்.

"அடுத்த வருஷமா?"

"மூணு வருஷம் சார். நீங்கதான் தலையாட்டுனீங்க."

"விட்டால் என்ன ஆகும்?"

"விட்டுப் பாருங்க" என்றார் அமைதியாக. நான் மூடநம்பிக்கை உள்ளவன் இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள், "ஓம், காவடியில விளையாடாதீங்கோ" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

5. தூணுக்குப் பின்னால் நின்றது

தெரிஞ்சிட்டு வா என்று ஊரே சொன்ன பிறகு தெரிந்துகொள்ளாமல் எந்த முகத்தோடு போவது? அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன். போன இடமெல்லாம் "பார்க்கிறோம்" என்றார்கள். சொல்கிறவனுக்கு அத்தனை சுகமான வார்த்தை, கேட்கிறவனுக்கு இப்படி வயிற்றெரிச்சலாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு கவுண்டரிலும் என்னையே பார்த்த மாதிரி இருந்தது. என்ன அழகாகத் தலையாட்டுகிறார்கள்!

கடைசியில் விஷயம் இதுதான். தோட்டத்தை விற்றபோது வீடுகளும் கோயிலும் ஒரு பக்கம் போயின, நிலம் ஒரு பக்கம் போயிற்று. ரோடும் விளக்குக் கம்பங்களும் மட்டும் பழைய கம்பெனியின் பெயரிலேயே நின்றுவிட்டன. கம்பெனியை மூடியதும் கரண்டை வெட்டிவிட்டார்கள். நகராண்மைக் கழகம் அது கம்பெனி ரோடு என்று நினைத்துக்கொண்டிருந்தது. கம்பெனியோ இல்லை. யாரும் தப்பு செய்யவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இரண்டாம் வருடம் காவடியோடு சரசு அக்கா வாசலில் நின்று இதைச் சொன்னேன். பதிலோடு வந்திருக்கிறேன் என்று எனக்குள் ஒரே பெருமை. முந்தின வாரம்தான் அவள் மறுபடி வழுக்கி விழுந்திருந்தாள். கை தப்பியது, முழங்கால் தோல் மட்டும் போயிருந்தது. நொண்டிக்கொண்டுதான் வாசலுக்கு வந்தாள்.

"அப்ப யாருதான் சார் லைட்டு போடணும்?"

"கவுன்சில் அந்த ரோட்டை எடுத்துக்கொள்ள வேண்டும்."

"எப்ப எடுத்துக்குவாங்க?"

"தெரியல."

எல்லோரும் தெரிஞ்சிட்டு வாங்க என்று சொல்லப்போனார்கள். சரசு அக்கா கையைத் தூக்கி நிறுத்தினாள். "நீங்க போயிட்டு வாரதுக்கு ஒரு வருஷம் ஆவும். அதுக்குள்ள நான் இன்னொரு தடவ விழுவேன். திங்கக்கிழம நாமளே போலாம். காவடிய எடுத்துக்கிட்டு."

நகராண்மைக் கழகக் கவுண்டருக்குக் காவடியா என்று நான் திடுக்கிட்டேன். அரசு அலுவலகம், ஒழுங்குமுறை என்று ஏதேதோ சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. திங்கட்கிழமை காலை ஆறுமுகம் அண்ணனின் லோரியில் பத்துப் பதினைந்து பெண்கள், மெய் லிங், கபிலன், மேளம், காவடி எல்லாம் வந்து இறங்கின. நான் தனியாகக் காரில் வந்தேன். உள்ளே நான் எங்கே நின்றேன் என்று கேட்கிறீர்களா? தூணுக்குப் பின்னால்.

கவுண்டரில் ஒரு மலாய் இளைஞன். காவடியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். ஆறுமுகம் அண்ணன் மலாயில் விவரத்தை மரியாதையாகச் சொன்னார். அவன் கேட்டான். தலையை ஆட்டினான். நடவடிக்கை எடுக்கிறோம் என்றான்.

சரசு அக்கா முன்னால் வந்தாள். "தம்பி, நடவடிக்கையெல்லாம் அப்புறம். தாஹுவா, தாக் தாஹுவா? தெரியுமா, தெரியாதா, ஒன்னு சொல்லு."

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். பாவம், அந்த வார்த்தை அவன் வாயில் சிக்கி நிற்பது எனக்குத் தூணுக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. "தாக் தாஹு, அக்கா" என்றான் மெல்ல.

பத்துப் பதினைந்து பேரும் சேர்ந்து, "தெரிஞ்சிட்டு வாங்க" என்றார்கள். கபிலன் உறுமியில் ஒரு தட்டுத் தட்டினான். பாதுகாவலர் ஓடி வந்தார். லைசென்ஸுக்கு வரிசையில் நின்ற சீனக் கிழவர் ஒருவர் என்னவென்று கேட்டார், மெய் லிங் சொன்னாள். அவர் தன் எண் வந்ததும் அடுத்த கவுண்டரில் போய், அங்கே இருந்த பெண்ணிடம் தெரியுமா தெரியாதா என்று கேட்டார். கூடமே சிரித்தது. அந்த இளைஞனும் சிரித்துவிட்டு உள்ளே போனான். போனவன் கையோடு ஒரு மேலதிகாரியை அழைத்துக்கொண்டு வந்தான். அவர் முதலில் முறைத்தார். பிறகு சரசு அக்காவின் முழங்காலைப் பார்த்தார். நாற்காலி போடச் சொன்னார்.

அன்றைக்கே ஒன்றும் நடக்கவில்லை. அந்த இளைஞன் இரண்டு தடவை தோட்டத்துக்கு வந்து கம்பங்களைப் பார்த்தான். பிற்பாடு அளவு எடுக்கிறவர்கள் வந்தார்கள். கவுன்சில் ரோட்டை எடுத்துக்கொள்வதற்குள் அடுத்த ஆகஸ்டு நெருங்கிவிட்டது. இதற்கிடையில் தோட்டத்து ஆட்கள் முறை வைத்து, சரசு அக்கா பஸ் இறங்கும் நேரத்துக்கு மோட்டோவில் போய் அவளை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சொல்லப்போனால் அதை முன்பே செய்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று ஆறுமுகம் அண்ணனைக் கேட்டேன். "தெரியல சார்" என்றார்.

6. எனக்கு வந்த கேள்வி

மூன்றாம் வருடம் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். நிறுவனத்தின் பட்டியலில் இப்போது இந்த நிகழ்ச்சி இல்லை. புவான் ரோஹானா வேறு யோசனைக்குப் போய்விட்டார். ஆனால் ஆகஸ்டு வந்ததும் மெய் லிங் மூங்கிலோடு வந்தாள், கபிலன் உறுமியோடு வந்தான். நான் இரண்டு வாரம் முளைப்பயறு தின்றுவிட்டு வந்தேன்.

அந்த முறை காவடியை ரோட்டு முனையில் இருக்கும் விளக்குக் கம்பம் வரைக்கும் கொண்டுபோனோம். இருட்ட ஆரம்பித்ததும் விளக்கு எரிந்தது. யாரும் கைதட்டவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். சரசு அக்கா மட்டும் லோங்காங் ஓரமாகக் குனிந்து, தான் விழுந்த இடத்தைப் பார்த்தாள். "இம்மாம் பெருசா இருக்கு, இதுலயா விழுந்தேன்" என்றாள். அவள் இன்னும் அதே ஃபேக்டரியில்தான் வேலை பார்க்கிறாள்.

என் மூன்று வருடம் முடிந்தது. நான் காவடியை இறக்க, அடுத்த மூன்று வருடத்துக்குச் சரசு அக்கா எடுத்தாள். முறிந்த கையிலும் பலம் இருந்தது. ஒரு சுற்று ஆடிவிட்டு நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"உங்க கேள்விய கட்டுங்க சார்."

"என்னுடையதா?"

"மூணு வருஷமா எங்க எல்லாருடையதும் சுமந்தீங்க. உங்களுது ஒன்னுகூட இதுல இல்ல. நீங்க என்னா தெரிஞ்சுக்கணும்?"

மெய் லிங் தாளும் பேனாவும் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். ஆர்வம், வியப்பு என்று இவர்களுக்கு வகுப்பு எடுத்தவன் நான்தான். கேள்விக் காவடி என்ற பெயரே என் வாயிலிருந்து வந்தது. பேனாவை வைத்துக்கொண்டு நிற்கிறேன், ஒன்றும் வரவில்லை. வானம் ஏன் நீலம் என்று எழுதலாம். அதில் எனக்குமே அக்கறை கிடையாது என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருடத்தில் யாரையும் எதையும் நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேனா என்று யோசித்தேன். பயமாக இருந்தது.

புது விளக்கின் வெளிச்சத்தில் எல்லோருக்கும் என் முகம் நன்றாகத் தெரிந்தது. ஒளிந்துகொள்ளத் தூண்கூட இல்லை.

"தெரியல" என்றேன். இந்தத் தடவை கத்தவில்லை.

ஊரே சேர்ந்து, "தெரிஞ்சிட்டு வாங்க" என்றது. உறுமி இடித்தது. ஆறுமுகம் அண்ணன் என் கையிலிருந்த தாளை மடித்து என் சட்டைப்பையில் வைத்தார். "அடுத்த வருஷம் சார்" என்றார்.

தலையாட்டவில்லை. "வாரேன் அண்ணே" என்றேன்.

பிள்ளைகளே, பாடம் கேட்டீர்கள். ஒரு ஊருக்குக் கலைஞர்களை அழைத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால், ஜனங்களிடம் தாளை நீட்டுவதற்கு முன்னால் அதில் முதலில் நீங்கள் ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் காரைத் திருப்ப வேண்டாம், அப்படியே போங்கள். என்னுடைய தாள் இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறது. துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து இரண்டு தடவை என் மனைவி அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டாள். இரண்டாம் தடவை, "வெறும் தாளை ஏன் வச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டாள். தெரியல என்றேன். அவள் தோட்டத்துக்கு ஒரு தடவைகூட வந்தவள் இல்லை. ஆனாலும், "அப்ப யோசியுங்கோ" என்று ஒரு பேனாவையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.